அளவு ஜாக்கெட்

ஜனவரி 3

நூல் கடைக்காரர் புது வருசத்துக்கு டைரி கொடுத்தார். போன வருசம் கொடுத்ததைக் கிழித்துக் கிழித்துப் பொட்டுக்கடலை மடித்தே தீர்த்தேன். இந்த வருசம் எழுதித்தான் பார்ப்போமே. ஆறாவதோடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் படிக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு படிக்கவும்.

பேர் மரகதம். ஈரோட்டில் வீட்டு முன்னறையிலேயே லேடீஸ் டைலர். கடைக்கு போர்டு கிடையாது. நான் சிரிக்கிற சத்தமே தெருமுனை வரைக்கும் கேட்கும், போர்டு எதற்கு என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

மாடியில் குடியிருக்கிற மோகனப்ரியா பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து சொந்தமாக ஆப் செய்கிறாள். தையல்காரர்களுக்கான ஆப். 'அளவுப்பெட்டி' என்று பேர் வைத்திருக்கிறாள். வாடிக்கைக்காரர்கள் அளவையெல்லாம் போனுக்குள் போட்டு வைத்துக்கொள்ளலாமாம். முதல் கடையாக என்னைப் பிடித்திருக்கிறாள்.

"இனிமே இந்த அளவு ஜாக்கெட் மூட்டையே வேண்டாங்க்கா."

"மூட்டை போயிட்டா மத்தியானம் எதுல தல வெச்சுப் படுக்கறது?"

சிரித்தாள். பெங்களூரில் இருந்தவளுக்கு அளவு ஜாக்கெட் என்றால் பழைய துணி. எங்களுக்கு அப்படி இல்லை. ஒருத்தி தனக்குப் பொருந்தின ஜாக்கெட்டைக் கொடுத்து "இதே மாதிரி" என்று சொன்னால், தைத்து முடித்ததும் புதுசோடு சேர்த்து அதையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுவரைக்கும் அடுத்தவள் கண்ணில் படாமல் மடித்து வைக்க வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஊசி பிடிக்கச் சொல்லித் தரும் முன்னால் இதைத்தான் சொன்னார்.

ஜனவரி 9

எல்லோரையும் ஆப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எழுத நேரமாகும், ஆனால் வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்கிறது. எனக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. அளவுக்குக் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் சும்மா இருப்பேனா? "கமலவேணி. கை தூண். அடுத்த தீபாவளிக்குப் பிரிக்க ஓரத்தில் ஒரு முழம் துணி விடவும்." "மாவு மில் பூங்கோதை. இடுப்பைச் சொன்னால் மொறைப்பாள், குறைத்துச் சொல்லிவிட்டுக் கூட்டித் தைக்கவும்." சொல்லிச் சொல்லி நானே சிரித்தேன்.

ஒவ்வொரு பேருக்கும் கடைசியில் ஒரு பக்கம் வருகிறது. முழுக்கப் பொடி எழுத்து, கீழே 'சம்மதம்' என்று பச்சைக் கட்டம். அதை அந்தந்தப் பொம்பளையே படித்துவிட்டு அழுத்த வேண்டும் என்றாள் மோகனா. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டுமாம். பொங்கல் நெருக்கத்தில் இதெல்லாம் ஆகிற காரியமா? கொத்தமல்லி ஆய்கிற மாதிரி போனை மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் நானே அழுத்திவிட்டேன். இவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த இடுப்பே எனக்குத் தெரியும். இதில் சம்மதம் என்ன பெரிய சம்மதம்.

ஜனவரி 13

காஜா, ஹூக்கு. ஹூக்கு, காஜா. ஊருக்கெல்லாம் பொங்கல் ஜாக்கெட் தைத்தவள் ஓட்டை நைட்டியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜனவரி 21

தவமணி வந்தாள். ரேஷன் கடையில் பில் போடுகிறவள். எங்கள் பகுதியில் எல்லோரும் மாசம் ஒரு தடவையாவது அவள் முன்னால் போய் நின்றே ஆக வேண்டும்.

"ஊருக்கெல்லாம் கொறைச்சு அளக்கற, உன் இடுப்பு மட்டும் எப்படிப் புள்ள கூடுது?" என்றேன்.

"உன் டேப்பு சுருங்கிப்போச்சு. மொதல்ல அத மாத்து."

வாய்ச் சண்டையில் எனக்குச் சரிக்குச் சமமாக நிற்கிற ஒரே ஆள் அவள்தான்.

திரையை இழுத்து விட்டதும் இரண்டு பேரும் பேச மாட்டோம். எப்போதும் அப்படித்தான். சில வருசம் முன்னால் கோயமுத்தூரில் ஆபரேசன் செய்து அவள் இடது மாரை எடுத்துவிட்டார்கள். ஊருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போயிருந்ததாகப் பேர். உண்மை தெரிந்தது அந்த அண்ணனுக்கும் எனக்கும்தான். எனக்கும்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். ஜாக்கெட் போட்டாக வேண்டுமே, அதனால் சொன்னாள். "நோவு வந்ததுல என்ன குத்தம், எதுக்கு மறைக்கற?" என்று அப்போது கேட்டேன். "குத்தமில்ல. ஆனா சக்கர வாங்க வர்றவங்க சக்கரயத்தான் பாக்கணும்" என்றாள்.

பஞ்சுக்குள் ஒரு கைப்பிடி ராகி வைத்துத் தைத்த பை, அது நானே யோசித்துச் செய்தது. வெறும் பஞ்சு என்றால் கனம் இருக்காது, அந்தப் பக்கத் தோள் ஏறிக்கொள்ளும். ராகி போட்டால் உட்காரும். துவைக்கும்போது பையை எடுத்துவிடலாம். இதுவரைக்கும் ரேஷன் கடையில் ஒருத்தர் கண்ணுக்கும் தெரிந்ததில்லை.

அவள் போனதும் போனில் சொல்லி வைத்தேன். மறந்துவிடக் கூடாது இல்லையா. "தவமணி ரேஷன் கடை. இடது பக்கம் மார் ஆபரேசன். ராகிப் பை வைக்கணும். தழும்பு மேல தையல் வரக் கூடாது."

பிப்ரவரி 6

மோகனா இறங்கி வந்தாள். ஆப்பைப் போனில் இறக்கிக்கொள்கிற பக்கத்தில் போடப் படம் வேண்டுமாம். "அளவுப் பக்கம் நெறஞ்சு தெரியற மாதிரி ஒருத்தரத் தொறந்து குடுங்கக்கா."

நிறையச் சொல்லி வைத்திருப்பது தவமணிக்குத்தான். அவள் பேர் ஊருக்கெல்லாம் வரட்டும், பார்த்துவிட்டு வந்து என்னைத் திட்டட்டும், அவள் திட்டிக் கேட்டும் நாளாச்சு என்று அதைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடி எங்கே வைத்தேனோ தெரியவில்லை. மோகனா என்னமோ கேட்டாள். நான் ஓவர்லாக் மிஷினில் இருந்தேன். தலையாட்டினேன்.

இரவுக்குத் தக்காளிச் சட்னி.

பிப்ரவரி 8

படம் வந்துவிட்டது. 'மரகதம் லேடீஸ் டைலர், ஈரோடு' என்று மேலே பெரிய எழுத்தில். எங்கள் வீட்டுக்காரர் போனைக் கையில் தூக்கிப் பிடித்து, "கடைசியில உனக்கும் போர்டு வந்துருச்சு" என்றார்.

வார்டுப் பெண்கள் குரூப்பிலும் படம் ஓடுகிறது. கட்டை விரல், பூ, கை கும்பிடு என்று வந்துகொண்டே இருக்கிறது. பூங்கோதை மட்டும் "நெசமாவாக்கா?" என்று கேட்டிருந்தாள். "நெசமேதான், இதுல என்ன பொய்யி?" என்று பதில் சொன்னேன். கூடவே சிரிக்கிற மூஞ்சி மூன்று.

பிப்ரவரி 10

தவமணி போனை எடுக்கவில்லை. திட்ட வருவாள் என்று முறுக்குகூட வாங்கி வைத்திருந்தேன். கடையில் கூட்டமாக இருக்கும்.

பிப்ரவரி 11

பருப்பு வாங்க ரேஷன் கடைக்குப் போனேன்.

தவமணி புடவையை இரண்டு தோளையும் சுற்றிக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே ஃபேன் கிடையாது, தகரக் கூரை. வரிசையில் நின்றவர்கள் யாரும் தராசைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற கமலவேணி என் காதில், "இத்தன நாளா ஒருத்தருக்கும் தெரியாம வெச்சிருந்திருக்கா பாரு. சொல்லியிருந்தா வந்து பாத்திருப்போம்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்படித்தான் எழுத ஆசை. புரிந்துவிட்டது.

என் முறை வந்தது. "வெரல வை" என்றாள். வைத்தேன். மிஷின் எடுத்துக்கொண்டது. "பருப்பு ஒண்ணு, பாமாயில் ஒண்ணு. அடுத்தவங்க வாங்க" என்றாள். எல்லோருக்கும் சொல்கிற அதே குரல். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் தேடி எடுத்தேன். மாவு டப்பா மேல் இருந்தது. போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தேன். என் கடைப் பேர். கீழே அவள் பேர். அதற்குக் கீழே நான் சொன்னது, சொன்னபடியே.

பிப்ரவரி 12

காஜா போட்டேன்.

பிப்ரவரி 13

பதினோராம் தேதி நான் சொன்னதுமே மோகனா படத்தை அந்தப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டாள். இன்று கீழே வந்து என் கட்டிங் மேசையில் போனை வைத்து, ஃபரீதா என்கிற வக்கீல் சிநேகிதியைக் கூப்பிட்டாள். பேசுவது வெளியே கேட்கிற மாதிரி வைத்திருந்தாள்.

"அந்தம்மா சம்மதம் குடுத்தாங்களா?" என்றார் வக்கீல்.

"ஆப்ல அழுத்தியிருக்கு. படம் எடுக்கறப்பவும் அக்காகிட்டக் கேட்டேன்" என்றாள் மோகனா.

நான் பேச வேண்டிய இடம் அது. டேப்பைச் சுருட்டினேன், பிரித்தேன்.

"பச்சக் கட்டத்த நாந்தான் அழுத்தினேன்" என்றேன். "எல்லாருக்கும்."

"சிரிச்சுப் பேசிட்டு நீங்க அழுத்தினா அது உங்க சம்மதந்தாங்கம்மா. அவங்களோடது இல்ல" என்றார் வக்கீல். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்து ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஆறாம் தேதி மோகனா என்னமோ கேட்டாள் என்று எழுதியிருக்கிறேன். அவள் கேட்டது, "அவங்ககிட்டக் கேட்டுட்டீங்களாக்கா?" ஓவர்லாக் மிஷின் ஓடவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது.

வக்கீல் சொன்னார்: யாருடைய விசயம் வெளியே போனதோ அவர்களிடம் நேராகச் சொல்ல வேண்டும், என்ன போனது, எப்படிப் போனது என்று மழுப்பாமல். இதற்கென்று இருக்கிற அரசு அலுவலகத்துக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். மற்ற எல்லோரிடமும் முதலில் இருந்து கேட்க வேண்டும். வேண்டாம் என்கிறவர்களுடையதை அழித்துவிட வேண்டும்.

"என் மேலயும் தப்புங்க்கா" என்றாள் மோகனா. "வெளிய போற படத்துல நெசமான ஆளே இருக்கக் கூடாது. பொய்ப் பேரு, பொய் அளவு போட்டுத்தான் எடுக்கணும். ஆப் செய்யறவளுக்கு அதுதான் அரிச்சுவடி. அவசரத்துல விட்டுட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். அவள் தன் பங்கை எடுத்துக்கொண்டதும் என்னுடையது கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

"குரூப்ல போட்டது யாரு?" என்றார் வக்கீல்.

'படம் ஓடுகிறது' என்று எட்டாம் தேதியில் எழுதி வைத்திருக்கிறேன். படத்துக்குக் காலா இருக்கிறது? நான்தான் அனுப்பினேன். எங்கள் நாத்தனார் குரூப்புக்கும் அனுப்பினேன்.

பிப்ரவரி 15

தவமணி வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். கதவைத் திறந்தாள், நிலைப்படியை விட்டு நகரவில்லை. உள்ளே வா என்று சொல்லவில்லை. அவள் வீட்டு அடுப்பில் பால் பொங்கினால் நான் போய் இறக்கி வைக்கிற வீடு அது.

மோகனா எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தாள். என்ன வெளியே போனது, எந்தெந்த நாள் இருந்தது, எப்போது எடுத்தது, இனி என்ன செய்யப் போகிறோம் என்று. நடுவில் குரல் உடைந்தது. தவமணி கடைசி வரைக்கும் கேட்டாள்.

"இந்தப் புள்ள சொல்றது எனக்கு வெளங்குது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு."

"உன்னக் கொஞ்சம் கிண்டல் பண்ணலாம்னு…"

"என் பேரப் பாத்தா சிரிப்பேன்னு நெனச்ச."

"ஆமா."

"பக்கத்துத் தெருவுலதான இருக்கேன். ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்ல."

"படம் வந்த அன்னிக்கி முழுக்க யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாள். "வந்தாங்க, பாத்தாங்க, அரிசி வாங்கீட்டுப் போனாங்க. என்னடா எல்லாரும் ஒரே எடத்தப் பாக்கறாங்கன்னு நான் குனிஞ்சு பாத்தேன் மரகதம். ஹூக்கு எதாச்சும் கழண்டிருச்சோன்னு."

என் தையலில் ஹூக்கு கழலாது. அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. என்ன ஜென்மம் நான்.

"என் அளவு ஜாக்கெட்டக் குடுத்தனுப்பு. போன்ல இருக்கறத அழிச்சுரு."

மோகனா போனை நீட்டி, "நீங்களே அழிக்கலாங்கம்மா, இங்க அழுத்துங்க" என்றாள். தவமணி முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு அழுத்தினாள். பக்கம் காலியாக வந்தது.

"அவங்க கண்ணுல இருக்கறதுக்கு எங்க அழுத்தறது?" என்று கேட்டாள்.

மோகனாவைத்தான் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவள் நான்.

பிப்ரவரி 16

அளவு ஜாக்கெட்டை மடித்து, ராகிப் பையை உள்ளே வைத்து, மஞ்சப்பையில் போட்டு எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். "நீயே போயேன்" என்றார். தலைவலி என்றேன். தலைவலி இல்லை.

பிப்ரவரி 24

ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு முதலில் இருந்து கேட்கிறோம். மோகனா அந்தப் பக்கத்தை மாற்றிவிட்டாள். நாலே வரி. 'சம்மதம்' எவ்வளவு பெரிய கட்டமோ, 'வேண்டாம்' அதே அளவு. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரலில் சொல்லும். அந்தக் குரலுக்கு என்னைப் பேசச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். நான் எதைச் சொன்னாலும் விளையாட்டு என்று நினைத்து அழுத்திவிடுவார்கள்.

தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் காட்ட வேண்டும், அதுவும் விதியாம். கமலவேணி முதல் ஆளாகக் கேட்டாள். காட்டினேன். 'கை தூண்' என்று சத்தமாகப் படித்தாள். கூட வந்திருந்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கமலவேணி சிரிக்கவில்லை.

"அளவு எடுக்கறப்ப மூஞ்சிக்கு நேரா நூறு கிண்டல் பண்ணுவ, நானும் சிரிப்பேன். அது வேற மரகதம். இத எழுதி வெச்சிருக்கியே."

'வேண்டாம்' அழுத்தினாள். பூங்கோதையும் 'வேண்டாம்'. மோகனா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் போய்விட்டது என்றாள். போகட்டும், இருக்கிறது நெசமாக இருந்தால் போதும் என்றும் அவளே சொல்லிக்கொண்டாள்.

போகும்போது கமலவேணி திரும்பி வந்து தணிந்த குரலில், "ஆமா, தவமணிக்கு ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கந்தானா?" என்று கேட்டாள்.

ஒரு மாசத்துக்கு முன்னால் என்றால் இப்படிக் கேட்பவளை உட்கார வைத்து டீ கொடுத்திருப்பேன். "உங்க அளவு ஜாக்கெட்ட மறந்துட்டுப் போறீங்க" என்று எடுத்துக் கையில் கொடுத்தேன்.

மார்ச் 9

ரேஷன் கடை. தவமணி புது ஜாக்கெட் போட்டிருந்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் நின்றேன். தையல்காரி கண், ஓரத்திலேயே பார்த்துவிடுகிறது. வேறு யாரோ தைத்தது. இடது தோள் ஏறி நிற்கிறது, உள்ளே வெறும் பஞ்சு, ராகிப் பை வைக்க இடம் விடவில்லை. ஒவ்வொரு பில்லுக்கும் இடையில் கையால் இழுத்து விட்டுக்கொள்கிறாள். அவள் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் வரிசை பார்க்கிறது.

சர்க்கரை மூட்டையில் அச்சடித்திருந்ததை மூன்று தடவை படித்தேன். என் முறை வருவதற்கு முன்னால் திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் சர்க்கரை இல்லை.

மார்ச் 14

மாரியம்மன் பண்டிகைக்குத் துணி வந்து குவிகிறது. மிஷின் ஓடுகிறது, வாய் ஓடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் ரேடியோ போட்டு வைத்தார்.

மார்ச் 23

சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம். தவமணி.

மடியில் இருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு எழுந்தேன். உட்கார் என்றேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், அப்படியே மேசையில் வைத்தாள். பையிலிருந்து அந்தப் புது ஜாக்கெட்டை எடுத்துப் போட்டாள்.

"பிரிச்சுத் தைக்க முடியுமா பாரு."

புரட்டிப் பார்த்தேன். தழும்பு வருகிற இடத்துக்கு நேராகத் தடிமனாக ஒரு தையல். அங்கே துணி லேசாகப் பழுப்பேறியிருந்தது. தேய்ந்து புண்ணாகி இருக்க வேண்டும்.

"அங்க தைக்கறவன் கடை நடுவுல நின்னுக்கிட்டு எதுக்கு இந்தப் பக்கம் இப்படின்னு கேட்டான்" என்றாள். "நாலு பேரு இருந்தாங்க. சொன்னேன். அடுத்த தடவ போனா மறுபடியும் கேக்கறான்." சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மனசு ஆறி வந்திருக்கேன்னு நெனைக்காத. இன்னொருத்தர்கிட்ட மொதல்ல இருந்து அவுத்துக் காட்ட எனக்குத் தெம்பில்ல. அதனால வந்தேன்."

சரி என்றேன்.

திரையை இழுத்து விட்டேன். கை தானாகப் போய்க் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவள் தோளுக்கு நீண்டது. எத்தனையோ பேருக்கு, எத்தனையோ வருசமாகப் போகிற கை. அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"கேளு" என்றாள்.

கை நின்றுவிட்டது. இந்தக் கடை வைத்த நாளிலிருந்து ஒருத்தியிடமும் அதை நான் கேட்டதில்லை. வந்தால் டேப்பைப் போடுவேன், வாயைத் திறப்பேன், சிரிக்க வைப்பேன், அளவு எடுத்துவிடுவேன்.

"அளவு எடுக்கட்டுமா தவமணி?"

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரைக்கும் நின்றோம். வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம், சொன்னால் திரையை விலக்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எடு" என்றாள். "எழுதாத."

எடுத்தேன். இதிலும் எழுதவில்லை.